கார்டில் இல்லாத கண்

அத்தியாயம் பதினொன்று

மத்தியானம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில்தான் டியூஷன் டீச்சரைக் கொன்றிருக்கிறார்கள். அதனாலேயே அந்தக் கட்டடத்தில் இப்போது யாருக்கும் இருட்டைக் கண்டு பயமில்லை. சாப்பாட்டு வேளை நெருங்கினால்தான் பயம்.

இன்றோடு இருபத்து மூன்று நாள். இரண்டாம் மாடியில், சொந்த வீட்டுக் கூடத்தில், சொந்த இஸ்திரிப் பெட்டியால் தலையில் அடிபட்டுக் கிடந்தார் டீச்சர். கதவு உடைக்கப்படவில்லை. ஒரு ஊசி கூடத் திருடு போகவில்லை. டீச்சரே கதவைத் திறந்து, வந்தவரை உட்காரச் சொல்லி, ஃபேனைப் போட்டு, டம்ளரில் தண்ணீரும் கொடுத்திருக்கிறார். அப்படியென்றால் வந்தது தெரிந்த ஆள்.

போலீஸ் வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டு போனது. அந்த நேரத்தில் கேட் பக்கத்தில் நாற்காலி போட்டுத் தூங்கினானாம். தூங்கினது குற்றம் என்றால் அந்த வேளையில் கட்டடத்தில் பாதிப் பேரைப் பிடிக்க வேண்டும். யாராவது ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் என்பதற்காக அவன் உள்ளே இருக்கிறான். கொன்றவர் இன்னும் இதே படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கலாம்.

தரைத்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. முதல் மாடியில் கடைக்காரர் வீடு. கடைக்குள்ளிருந்தே வீட்டுக்கு ஏற ஒரு குறுகலான படிக்கட்டு உண்டு. அந்த வீட்டு மருமகளைப் பால்காரர் முதல் மூன்றாம் மாடிப் பல் டாக்டர் வரை எல்லோரும் 'அண்ணி' என்றே கூப்பிடுகிறார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம். லென்ஸைச் சுழலும் கல்லில் தேய்த்து, வடிவம் கொடுத்து, ஃப்ரேமுக்குள் உட்கார வைப்பது அவள் வேலை. பதின்மூன்று வருஷமாக அதே ஸ்டூல், அதே மேஜை.

அவளை உண்மையிலேயே அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்திதான். நாத்தனார். ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். வீட்டில் அவளுக்குப் பெயர் தந்தி. அவள் காதில் ஒரு சேதியைப் போட்டுவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போனால், உங்களுக்கு முன்னாலேயே அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். வாய்தான் அப்படியே தவிர, மனசு தங்கம். புகுந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், மாமனாரின் மௌனத்துக்குப் பயந்து குளியலறைக்குள் அழுதுகொண்டிருந்த அண்ணிக்கு, கதவுக்கு வெளியே நின்று ஒரு மணி நேரம் ஜோக் சொன்னவள் தந்தி. அன்றிலிருந்து இந்த வீட்டில் அண்ணிக்கு முதல் துணை புருஷன் அல்ல, இவள்தான்.

இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஐந்து நாளாகத் துப்பறிகிறார்கள். காரணம், ஒரு துண்டுக் கண்ணாடி.

ஐந்து நாளைக்கு முன்னால் மாடிப் படிகளைக் கழுவப் போன அண்ணியின் கையில், டீச்சர் வீட்டு வாசல் மிதியடியின் நாருக்குள்ளிருந்து அது குத்தியது. கட்டைவிரல் நகமளவு. வேறு யாராயிருந்தாலும் உடைந்த டம்ளர் என்று முறத்தில் தள்ளியிருப்பார்கள். அண்ணி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். லென்ஸ். அதுவும் கிட்டப்பார்வைக்காரருடைய மைனஸ் லென்ஸ். டீச்சருக்கு இருந்ததோ படிக்கிற கண்ணாடி மட்டும்தான், பிளஸ். அவருக்கு இது சொந்தமில்லை.

"போலீஸ்ல குடுத்துடலாம்" என்றாள் அண்ணி அன்றைக்கே.

"அவங்க இதை ஒரு கவர்ல போட்டு, கவரை ஒரு பீரோவுல போட்டு, கடைசியில பீரோவையே தொலைச்சுடுவாங்க. நம்ம கடையில ரெண்டாயிரத்து அறுநூறு கார்டு இருக்கு. யார் யாருக்கு என்ன பவர்னு எல்லாம் எழுதியிருக்கு. அஞ்சே நாள் அண்ணி. ஆளைக் கண்டுபிடிச்சு, துண்டையும் சேர்த்துக் குடுப்போம்" என்றாள் தந்தி.

அண்ணி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் சரியா தப்பா என்று இன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

காலை ஒன்பதரை. அண்ணி ஷட்டரைத் தூக்கினாள். வெளியே வாட்ச்மேனின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். புருஷன் உள்ளே போன நாளிலிருந்து தினமும் வருகிறாள். யாரும் கேட்காமலே கடைக் கண்ணாடிக் கதவைத் துடைக்கிறாள். துடைத்துவிட்டு, தந்தியின் முகத்தைப் பார்ப்பாள். வக்கீல் ஆபீசில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் இவள்தான்.

"நாளைக்கு மறுபடி கோர்ட்டுல கொண்டு வந்து நிறுத்துறாங்களாம். ஒத்துக்கிட்டான்னு எழுதி வாங்கிட்டாங்களாம். அவருக்குக் கையெழுத்து கூடச் சரியா போட வராதும்மா" என்றாள்.

அண்ணிக்கு அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அந்தத் துண்டு இரண்டடி தூரத்தில், மூக்குத் தாங்கிகள் வைக்கிற தகரப் பெட்டிக்குள், பஞ்சில் சுற்றியிருந்தது. அதைக் கொடுத்திருந்தால் இந்நேரம் இவள் புருஷன் வீட்டில் இருந்திருப்பானோ என்னவோ.

"அக்கா, மூணு மணிக்கு வாங்க" என்றாள் தந்தி. இன்று ஆபீசுக்கு லீவு போட்டிருந்தாள். "உங்களுக்கு ஒரு நல்ல சேதி வச்சிருக்கேன்."

அவள் போனதும் அண்ணி சீறினாள். "எதை நம்பி அந்தப் பொம்பளைக்கு ஆசை காட்டற?"

"பல் டாக்டரை நம்பி" என்றாள் தந்தி.

துண்டின் பவர் மைனஸ் மூன்றேகால், அதோடு கோணல் பார்வையை நேராக்குகிற சிலிண்டர் முக்கால். கடையில் பவர் பார்க்கிற மெஷின் ஒன்று உண்டு. லென்ஸை அதில் வைத்து, குழாய்க்குள் கண்ணை வைத்தால் பச்சைக் கோடுகள் மங்கலாகத் தெரியும். சக்கரத்தைத் திருப்பத் திருப்ப ஓரிடத்தில் கோடுகள் கூர்மையாகும். அந்த இடத்து எண்தான் பவர். துண்டாக இருந்தாலும் பொய் சொல்லாது. இரண்டாயிரத்து அறுநூறு கார்டுகளில் இந்த எண் இருந்தது மூன்றே மூன்று பேருக்கு. ஒருவர் இரண்டு வருஷம் முன்னால் காலமாகிவிட்ட கடிகாரக்காரர். ஒருத்தி கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள். மூன்றாவது, மூன்றாம் மாடிப் பல் டாக்டர்.

"யோசிச்சுப் பாருங்க அண்ணி. தினமும் டீச்சர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் மேல போறாரு. டீச்சருக்குத் தெரிஞ்சவரு. ஒரு மணிக்கு க்ளினிக்கைச் சாத்திடுவாரு."

"டீச்சரோட அவருக்கு என்ன பகை?"

"அதை அவரு சொல்லட்டும். நாம கண்ணாடியை மட்டும் பார்ப்போம்."

பதினொன்றரைக்கு டாக்டர் படியிறங்கி வந்தார். தந்தி வாசலிலேயே மடக்கினாள். "டாக்டர், உங்க கண்ணாடி ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. அண்ணி ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடுவாங்க. ஓசிதான்."

ஓசி என்றால் பல் டாக்டர்கூட வாயைத் திறப்பார். கழற்றிக் கொடுத்துவிட்டு, மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அண்ணியின் தலைக்கு மேலே குனிந்து நின்றார். கிராம்புத் தைலம் வாசனை. முழங்கை வரை முடி அடர்ந்த கனமான கை. இஸ்திரிப் பெட்டியைத் தூக்க அந்தக் கைக்கு எத்தனை நேரம் ஆகும் என்று அண்ணிக்குத் தோன்றியது. ஸ்க்ரூவைக் கழற்றுவதற்குப் பதிலாக இன்னும் இறுக்கினாள்.

"ஏன் எதிர்ப் பக்கமாத் திருப்பறீங்க?" என்றார் டாக்டர்.

"சாப்பிடல டாக்டர்."

"அந்தக் கேஸ்ல இன்னும் ஒண்ணும் தெரியலையாமே. நம்ம வாட்ச்மேன் அப்படிப்பட்ட ஆள் இல்ல. எனக்கு என்னவோ, செஞ்சது நாம தினம் பார்க்கற ஆளுதான்னு தோணுது."

தந்தி சிரித்தாள். "பயமுறுத்தாதீங்க டாக்டர்."

அண்ணி இரண்டு லென்ஸையும் ஃப்ரேமிலிருந்து கழற்றினாள். புதுசாக மாற்றியிருந்தால் விளிம்பு புதுசாக இருக்கும். இரண்டின் விளிம்பிலும் பழைய அழுக்குக் கோடு கட்டியிருந்தது. துடைத்தாள். அழுக்குக்குக் கீழே, விளிம்பின் சுற்றளவு முழுக்க மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. அண்ணிக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. ஜனவரியில் தேய்க்கிற கல்லின் ஓரத்தில் ஒரு சில் பெயர்ந்துபோயிற்று. புதுக் கல் வர மார்ச் கடைசி ஆனது. அந்தப் பத்து வாரம் அவள் தேய்த்த ஒவ்வொரு லென்ஸிலும் இந்தக் கீறல் விழுந்தது. ஃப்ரேமுக்குள் மறைந்துவிடும் என்பதால் யாருக்கும் சொல்லவில்லை. தொழிலில் அவள் செய்த ஒரே திருட்டுத்தனம் அது.

டாக்டரின் கார்டில் இருந்த தேதி ஃபிப்ரவரி. அப்போது போட்ட அதே இரண்டு லென்ஸும் முழுசாக அவர் ஃப்ரேமில் இருக்கின்றன. மிதியடியில் கிடந்தது அவருடையது இல்லை.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பரவாயில்லையே, நேரா உட்காருது" என்று சொல்லிவிட்டுப் போனார். சாய்ந்தே இல்லாத கண்ணாடி நேராக உட்காராமல் வேறெப்படி உட்காரும்?

அண்ணி தகரப் பெட்டியைத் திறந்து, பஞ்சைப் பிரித்து, துண்டைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். மூன்று பக்கம் உடைந்த விளிம்பு. நாலாவது பக்கம் மட்டும் தேய்த்த விளிம்பு. ஐந்து நாளாகப் பவரையே பார்த்தார்களே தவிர, இந்த விளிம்பைப் பார்க்கவில்லை.

மயிரிழைக் கீறல்.

"இது நான் தேய்ச்சது" என்றாள் அண்ணி. "இந்தக் கையால தேய்ச்சிருக்கேன் தந்தி. ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவுல."

ஒரு மணி. அண்ணி ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கினாள். சாப்பாட்டு நேரத்துக்கு அப்படித்தான் வழக்கம். வெளிச்சம் தரையில் ஒரு பட்டையாக மட்டும் விழுந்தது. மாமனார் மேலே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். அண்ணியின் புருஷனும் அப்படித்தான். கட்டடத்தில் ஒரு சத்தமில்லை. எங்கேயோ குழாய் சொட்டியது. அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். மேலே இஸ்திரிப் பெட்டி விழுகிறபோது, கீழே அண்ணி இதே ஸ்டூலில் உட்கார்ந்து கண் சொருகியிருந்தாள்.

அந்தப் பத்து வாரத்துக் கார்டுகளை மட்டும் தனியாக எடுத்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு. அண்ணி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். டாக்டரைத் தவிர யாருக்கும் அந்தப் பவர் இல்லை.

"நம்ம கடையில செஞ்ச லென்ஸ். ஆனா கார்டு இல்ல. அது எப்படி? கார்டு எழுதாம மாமா ஒரு கண்ணாடியும் வெளிய விடமாட்டாரே."

தந்தி கார்டுகளை நேராக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கார்டு எழுதாமல் மாமனார் யாருக்குக் கண்ணாடி கொடுப்பார்? கேள்வி முடிவதற்குள் அண்ணிக்குப் பதில் வந்துவிட்டது.

வீட்டு ஆட்களுக்கு.

மாமனாருக்கு அது ஒரு பிடிவாதம். வீட்டு ஆளின் கண்ணை எழுதி வைத்தால் பவர் ஏறிக்கொண்டே போகுமாம். யாருடைய கண்ணையும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அளக்கிற மனிதருக்கு இப்படி ஒரு நம்பிக்கை. வீட்டில் யாருக்காவது கண்ணாடி வேண்டுமென்றால் உட்கார வைத்துப் பார்ப்பார். தன் கையாலேயே அலமாரியிலிருந்து லென்ஸை எடுத்து, உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அண்ணியிடம் நீட்டுவார். பிளாஸ்டிக் கிடையாது, வீட்டுக்கு அசல் கண்ணாடிதான். என்ன பவர் என்று அண்ணி கேட்கவும் மாட்டாள், அவர் சொல்லவும் மாட்டார். ஊர்க் கண்ணெல்லாம் பெட்டியில் இருக்கிறது. இந்த வீட்டுக் கண் மட்டும் எங்கேயும் இல்லை. அது தெரிந்திருந்தும் ஐந்து நாளாகப் பெட்டியையே குடைந்தார்கள்.

"தந்தி... ஃபிப்ரவரியில உங்க அண்ணனுக்குக் கறுப்பு ஃப்ரேம் போட்டோமே."

தந்தி நிமிர்ந்தாள்.

"அது எங்க? ஒரு மாசமா அந்தப் பழைய பிரவுன் ஃப்ரேமைத்தானே போட்டுக்கிட்டிருக்காரு? கேட்டதுக்கு எங்கயோ வச்சுட்டேன்னு சொன்னாரு." அண்ணி கையிலிருந்த கார்டைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு... டீச்சர் செத்த அன்னைக்கு முடி வெட்டிக்கப் போறேன்னு போனாரு. முக்கால் மணி நேரம். திரும்பி வந்தப்போ முடி அப்படியே இருந்துச்சு. சலூன் மூடியிருந்துச்சுன்னாரு. மூடின சலூன் வாசல்ல யாராவது முக்கால் மணி நேரம் நிப்பாங்களா?"

"அண்ணி, வேணாம்."

"என்ன வேணாம்?"

"இத்தோட விட்டுடலாம். அந்தத் துண்டைச் சாக்கடையில போட்டுடலாம். யாருக்கும் தெரியாது." தந்தியின் உதடு வெளுத்திருந்தது. இவ்வளவு மெதுவாக அவள் பேசி அண்ணி கேட்டதில்லை.

"வாட்ச்மேன்?"

"நான் எங்க வக்கீல் சார்கிட்ட சொல்லி எப்படியாவது..."

கூடப் பிறந்தவனுக்காகத் துடிக்கிறாள் என்று அண்ணி நினைத்தாள். அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் தெரியாமல் இன்னொரு ராத்திரி அந்த மனிதன் பக்கத்தில் படுக்க முடியாது. அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

"நீ இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு உள் படிக்கட்டில் ஏறினாள்.

பதினாறு படி. ஏழாவது படி முனகும் என்பதால் அதைத் தாண்டிக் கால் வைத்தாள். சொந்த வீட்டில் திருடி மாதிரி நடக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. புருஷன் மல்லாந்து தூங்கினான். வாய் லேசாகத் திறந்திருந்தது. பதின்மூன்று வருஷமாகப் பார்க்கிற முகம். ஜுரம் வந்தால் இரண்டு நாள் சாப்பிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். கரப்பான் பூச்சியை அடிக்கக்கூட மனசு வராமல் துடைப்பத்தால் வெளியே தள்ளுவான். இந்தக் கையா? இருக்காது. இருக்கவே இருக்காது.

பிரவுன் ஃப்ரேம் ஜன்னல் கட்டையில் இருந்தது. எடுத்தாள்.

"யாரு?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

அண்ணிக்கு உயிர் போய் வந்தது. "நான்தாங்க. தூங்குங்க."

"ம்" என்று புரண்டு படுத்தான்.

கீழே வந்தபோது தந்தி நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். அண்ணி அவளைப் பார்க்காமல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, பிரவுன் ஃப்ரேமின் வலது லென்ஸை வைத்தாள். சக்கரம் விரலுக்குள் வேர்வையில் வழுக்கியது. புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பத் திருப்பினாள். பச்சைக் கோடுகள் கூர்மையாயின.

மைனஸ் ஒன்றரை.

இடது. மைனஸ் ஒன்றே முக்கால். சிலிண்டரே இல்லை.

இன்னொரு தரம் பார்த்தாள். அதேதான். இது பழைய கண்ணாடிதான், இருந்தாலும் புதுசில் கால் ஏறியிருக்கலாம், அரை ஏறியிருக்கலாம். ஒரே வருஷத்தில் மூன்றேகாலுக்கு எந்த மனுஷக் கண்ணும் தாவாது. கறுப்பு ஃப்ரேம் எங்கே தொலைந்ததோ, அந்த முக்கால் மணி நேரம் எங்கே போனானோ, அதையெல்லாம் பிறகு சண்டை போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். கொலை செய்யவில்லை. அவன் கொலை செய்யவில்லை.

"அவரு இல்ல தந்தி" என்றாள். சொல்லும்போதே அழுகை பீறிட்டது. "அவரு இல்லடி. கடவுளே, அவரு இல்ல."

தந்தி வந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். அண்ணியைவிட அதிகமாக அழுதாள். ஸ்டூல் ஆடியது. சத்தம் மேலே கேட்டுவிடப் போகிறதே என்று இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பொத்தி, அதற்கே சிரிப்பு வந்து, திரும்ப அழுதார்கள். தந்தி தன் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, துப்பட்டாவால் முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"நான் உங்க அண்ணனைப் போய்... சீ, என்ன ஜென்மம் நான்" என்றாள் அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அவரு எழுந்திரிக்கறதுக்குள்ள இதைத் துடைச்சு வச்சுடணும்."

துடைக்கிற துணியை எடுத்தாள். பிரவுன் ஃப்ரேமைத் துடைத்து ஒதுக்கி வைத்தாள். பக்கத்தில் தந்தியின் சிவப்பு ஃப்ரேமும் கண்ணீரும் கைரேகையுமாகக் கிடந்தது. அதையும் துடைத்தாள். துடைத்ததை மெஷினில் வைத்தாள்.

நினைத்துச் செய்யவில்லை. அந்த மேஜை மேல் கண்ணாடி என்று எதை வைத்தாலும் அண்ணியின் கை அப்படித்தான். துடைக்கும், மெஷினில் வைக்கும், பார்க்கும். யாருடையது என்று அதற்கப்புறம்தான் கேட்கும். பதின்மூன்று வருஷப் பழக்கம். வீட்டு ஆட்கள் யாரும் அங்கே கண்ணாடியை வைப்பதில்லை, அதனால்தான் அவர்களுடையதை இந்தக் கை இதுவரை பார்த்ததில்லை.

வலது, மைனஸ் மூன்று.

இடது லென்ஸுக்கு நகர்த்தினாள். கோடுகள் மங்கின. சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினாள். கூர்மையாயின.

மைனஸ் மூன்றேகால். சிலிண்டர் முக்கால்.

அண்ணி குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஃபிப்ரவரியில் அண்ணனுக்குப் போட்ட அதே வாரம் தங்கைக்கும் போட்டோமே. எப்படி மறந்தேன்? கூடவே உட்கார்ந்து தேடுகிறவளைத் தேட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? இந்தச் சிவப்பு ஃப்ரேம் புதுசு. பழசு பஸ் நெரிசலில் நசுங்கிவிட்டது என்று வந்து நின்றாள். என்றைக்கு? டீச்சர் செத்த மூன்றாம் நாள். மாமனார் இரண்டு லென்ஸை எடுத்து நீட்டினார். மேலே போலீஸ்காரர்கள் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோது, கீழே இதே ஸ்டூலில் உட்கார்ந்து, இந்தக் கையாலேயே தேய்த்துக் கொடுத்தாள் அண்ணி. அன்றைக்கு ஆபீசில் இருந்தேன் என்று போலீசிடம் சொன்னது யார்? தந்தி. துண்டைக் கொடுக்க வேண்டாம் என்றது தந்தி. கார்டில் தேடலாம் என்றதும் தந்தி. வீட்டு ஆளுக்குக் கார்டு கிடையாது என்று அவளுக்குத் தெரியாதா?

தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும்.

அழுகைச் சத்தம் எப்போது நின்றது என்று அண்ணிக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் மூச்சு மட்டும் கேட்டது. ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. உள் படிக்கட்டுக்குப் போகிற வழியில் தந்தி நின்றிருந்தாள்.

"அண்ணி."

அண்ணி மெதுவாகத் திரும்பினாள். கண்ணாடி இல்லாத தந்தியின் முகம் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள்.

"எனக்கு உங்க முகம் தெரியல" என்றாள் தந்தி. "கோபமா இருக்கீங்களா, பயந்து போயிருக்கீங்களான்னு தெரியல. ஏதாவது பேசுங்க."

அண்ணிக்குப் பயமாகத்தான் இருந்தது. இந்த வீட்டிலேயே யாரைக் கண்டு பயப்பட மாட்டோம் என்று நினைத்தாளோ அவளைக் கண்டு பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயே, ஓடிப்போய் அவளை அணைத்துக்கொள்ள வேண்டும் என்ற வேதனையும் இருந்தது.

"எத்தனை வந்துச்சு அண்ணி?"

அந்த மேஜையில் எதை வைத்தாலும் அண்ணியின் கை பார்த்துவிடும் என்று இந்த வீட்டில் தந்தியைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. மறந்துபோய் வைத்தாளா, பார்க்கட்டும் என்றே வைத்தாளா?

ஷட்டரை யாரோ விரல் முட்டியால் தட்டினார்கள். தரையில் விழுந்த வெளிச்சப் பட்டையில் இரண்டு வெறும் கால்கள் தெரிந்தன.

"அம்மா... மூணு மணிக்கு வரச் சொன்னீங்களே" என்றது வாட்ச்மேன் மனைவியின் குரல். "நான் வந்துட்டேன்."

தந்தி அந்தப் பக்கம் திரும்பவில்லை. அண்ணி இருக்கும் திசையில் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, கண்ணாடிக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். அண்ணியின் ஒரு கையில் சிவப்பு ஃப்ரேம் இருந்தது. இன்னொரு கை தகரப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது.